கோடைக்கானல் கோல்ஃப் மைதானமும் தோல் தொழிலின் கடனும்

பாலாற்றங்கரையில் கோல்ஃப் ஆட்டத்துக்கு என்ன வேலை என்று ராணிப்பேட்டைக்காரர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. ஆயினும் 1895-ஆம் ஆண்டு முதல் கோடைக்கானலில் இருந்துவரும் கோல்ஃப் சங்கத்தின் பதினெட்டுக் குழி மைதானத்தையும், அதைச் சூழ்ந்த பழனி மலைத்தொடரையும், நம் ஊர்த் தொட்டிகளில் ஊறிய தோலையும் ஒரே சரித்திரம் பிணைத்திருக்கிறது. அதை நினைவிற்கொண்டால், அம்மைதானத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பழைய உருவத்துக்கு மீட்கவேண்டுமென்று வற்புறுத்த நமக்கு உரிமையும், அவ்வேலைக்குக் கைகொடுக்கும் கடமையும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பழைய மைதானங்களைப் புனருத்தாரணம் செய்யும் கலை அமெரிக்காவில் நன்கு வளர்ந்திருக்கிறது. வட கரோலினா மாநிலத்துப் பைன்ஹர்ஸ்ட்டில், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய டொனால்ட் ராஸ் 1907-இல் அமைத்து, 1948-இல் தாம் காலமாகும்வரை திருத்திக்கொண்டே இருந்த இரண்டாம் எண் மைதானம், பின்வந்தவர்களின் அலங்கார ஆசையால் தன் மணற்பாங்கான இயல்பை இழந்து, எல்லை முதல் எல்லை வரை பச்சைப் புல் விரித்த, எந்த ஊரிலும் காணக்கூடிய மைதானமாகிவிட்டிருந்தது. 2010-இல் அதை மீட்க முன்வந்த பில் கூர், பென் கிரென்ஷா ஆகிய இருவரும் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. 1943-இல் ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்தும், மண்ணுக்கடியில் ஓடிய பழைய நீர்க்குழாயே ஆடுபாதையின் நடுக்கோடு என்று அனுமானித்தும், ஏறக்குறைய 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் மணலையும் அந்த மண்ணுக்கே உரிய கம்பிப்புல்லையும் திரும்பக் கொணர்ந்தார்கள். 1,150 ஆக இருந்த நீர்தெளிப்பு முனைகள் 450 ஆகக் குறைந்தன. 2014-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய அமெரிக்க ஓபன் போட்டிகள் இரண்டும் அங்கேயே அடுத்தடுத்து நடைபெற்றன.

பென்சில்வேனியாவிலுள்ள ஓக்மாண்ட் மைதானத்திலோ, அழகுக்காக நடப்பட்ட ஆயிரக்கணக்கான மரங்களே பெருந்தடையாக வளர்ந்து நின்றன. சங்கத்து அங்கத்தினர்கள் ஆட்சேபிப்பார்களென்று அஞ்சி, முதலில் அவற்றை விடியுமுன் ரகசியமாக வெட்டினார்களாம்! மரத்தின்மீது மனிதனுக்குள்ள பக்தி எத்தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

சிறந்த குழி என்று ஆட்டக்காரர்கள் போற்றுவது, துவக்கத்திலிருந்து கொடி வரை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வைத்து, சரிவையும் காற்றையும் கணித்துத் தன் வழியைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை ஆடுபவனிடமே விடுவதாகும். இரு பக்கமும் மரம் நெருங்கிவிட்டால் வழி ஒன்றாகிவிடும். பிறகு அங்கே யோசனைக்கு வேலையில்லை. கருங்கல் சிற்பங்களின்மீது மணலைப் பீய்ச்சியும், சுவரோவியங்களின்மேல் சுண்ணாம்பு பூசியும் நம்மவர் சில கோயில்களில் நடத்திய ஜீர்ணோத்தாரணத்தைக் கண்டு வருந்தியவர்களுக்கு, மீட்பதென்பது பின்னால் சேர்ந்ததை அறிந்து அகற்றுவதே என்று நான் விளக்கவேண்டிய அவசியமில்லை.

பழனி மலைமேல் பின்னால் சேர்ந்தது எது? வெள்ளைக்காரர்கள் அங்கே ஆடத் தொடங்கிய காலத்தில், பள்ளத்தாக்குகளில் சோலைக்காடு நீங்கலாக, மலையின் மேற்பகுதி பெரும்பாலும் புல்வெளி. நம் பிரதேசத்துத் தோல் ஷாப்புகளோ ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டு வந்து, பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வாட்டில் பட்டைக்குப் பழகிக்கொண்டன. அந்தப் பட்டை உள்நாட்டிலேயே கிடைக்கவேண்டுமென்று, பயனற்ற வெற்றிடமெனக் கருதப்பட்ட நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில், நீலகிரியில் சீகை என்று வழங்கும் அந்த வாட்டில் மரத்தைச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சர்க்காரார் ஏராளமாக நட்டனர். மரக்கூழுக்காகத் தைலமரமும் உடன் வந்தது. 1973-க்குப் பிந்திய நாற்பதாண்டுகளில் மட்டும் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதென்று, செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

விந்தை என்னவென்றால், 1972-இல் சீதாராமையா குழு அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைக்கச் சொன்ன பிறகு, குரோம் பதனீடு மேலோங்கி, பட்டையின் தேவை சுருங்கிப்போயிற்று. பட்டைக்காக நட்ட மரம் கேட்பாரற்று மலையெங்கும் பரவியது. பட்டைக்குப் பதிலாக வந்த குரோமியமோ, நம் சிப்காட்டில் 1995-இல் மூடப்பட்ட ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவாகக் குவிந்து கிடந்தது. தொழில் ஒன்று, அது வைத்துப்போன மிச்சம் மலைமேலும் ஆற்றோரத்திலுமாக இரண்டு.

மரம் வெட்டுவது பாவமல்லவா என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன்: மழையை வாங்கி வைத்திருந்து வைகைக்கும் அமராவதிக்கும் வழங்குவதில் அந்தப் புல்லுக்கு உள்ள பங்கை எந்த அந்நிய மரமும் நிறைவேற்றுவதில்லை. அதற்காகக் கோடரியோடு உடனே கிளம்பிவிடலாகாது. வாட்டில் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, மரம் விழுந்ததும் ஆயிரமாயிரமாக முளைப்பது. சில தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகளும் தலையெடுத்திருக்கின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதைத் தாவர சாஸ்திரிகள் தீர்மானிக்க வேண்டும்; வெட்டிய இடத்தில் வருஷந்தோறும் முளையைக் களைய ஆளும் பணமும் வேண்டும்.

கோல்ஃப் சங்கம் தன் எல்லைக்குள்ளேயே இதைத் தொடங்கலாம். பழைய வரைபடங்களையும் குடும்ப ஆல்பங்களில் கிடக்கும் புகைப்படங்களையும் திரட்டி, ஒவ்வொரு குழியும் ஆதியில் எப்படி இருந்ததென்று நிச்சயித்து, ஆடுபாதைக்கு வெளியே மலைப்புல்லையும் குறிஞ்சியையும் வளர்த்தால், பைன்ஹர்ஸ்ட்டில் நேர்ந்ததுபோல் நீர்ச்செலவும் பராமரிப்புச் செலவும் குறைய இடமுண்டு. செல்வந்தர் விளையாட்டுக்கு ஊரார் ஏன் உதவவேண்டும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதற்கு ஈடாக, அப்புல்வெளியைப் பள்ளிப் பிள்ளைகளும் பொதுஜனங்களும் குறித்த நாட்களில் நடந்து பார்க்கச் சங்கம் அனுமதிக்க வேண்டும்.

மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் தோல் தொழிலை முன்னிட்டே நிலைநாட்டியது. மலைப் புல்வெளியைப் பற்றி அத்தீர்ப்பு எதுவும் பேசவில்லை. சட்டப்படி நம்மை யாரும் கேட்கவும் போவதில்லை. ஆனாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வர்த்தகர் சங்கங்கள், கேட்பதற்கு முன்பே, பழனி மலைப் புல்வெளி மீட்புக்கென்று ஒரு நிதியை ஏற்படுத்தி வனத்துறையிடம் ஒப்படைக்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.