போர்டு போயிடுச்சாம்!

கம்ப்யூட்டரில் சத்தம் கொரகொரவென்று வருகிறது, உஸ்ஸென்று இரைகிறது என்று கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். "போர்டு போயிடுச்சு சார். ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க." பெரம்பலூரில் ஒருவர் எனக்கு அப்படித்தான் சொன்னார். அரியலூரில் இன்னொருவர் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். நம் நரைத்த தலையைப் பார்த்ததுமே இந்தத் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. "காதும் கொஞ்சம் மந்தமா இருக்குமோ?" என்று வேறு கேட்டார் முதலாமவர்.

எனக்கு அவசரம் இருந்தது. 1987ல் காரைக்கால் வீட்டில் என் அம்மா பேசியதை டூ-இன்-ஒன்னில் பதிந்த கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அம்மா குரல் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். நாடா கெடுவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட நினைத்தேன். ஏற்றிக் கேட்டால் அம்மாவை விட இரைச்சல்தான் அதிகம் பேசியது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது, 2001ல் அரியலூர் தனியானது, 2002ல் மறுபடி சேர்ந்தது, 2007ல் மறுபடி பிரிந்தது. இத்தனை கூத்திலும் காணாமல் போன கோப்பை எப்படிக் கண்டுபிடித்தோம்? எந்த மேசை வரை வந்தது, எந்த மேசையில் நின்றது என்று பதிவேட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான். அலுவலகத்தையே இடித்துக் கட்டச் சொல்லவில்லை. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக்கு என்று 1637லேயே தெகார்த் எழுதியதைப் பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு மண்டையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அதையே செய்தேன்.

முதலில் டேப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரிலேயே இருந்த ஒரு பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அப்படியானால் போர்டு எங்கே போயிற்று? ஒரு தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி. அடுத்து டேப்பைச் சொருகி ஒயரை லேசாக ஆட்டினேன், ஆட்டும்போதெல்லாம் கொரகொரத்தது. ஒயரின் முனை தளர்ந்திருந்தது. புது ஒயர் போட்டதும் கொரகொரப்பு நின்றது. (ஒயரைத் தொடாமலே, வேறு ஏதாவது வேலை கொடுக்கும்போது மட்டும் விட்டுவிட்டு வெடித்தால், குறை பெரும்பாலும் டிரைவர் மென்பொருளில் இருக்கும். அதைப் புதுப்பித்துப் பாருங்கள், செலவில்லை.)

உஸ்ஸென்ற இரைச்சலுக்குக் காரணம் நானேதான். பெட்டிக்குப் பின்னால் மூன்று நிறத்தில் துளைகள் இருக்கும். பச்சை, ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு, மைக்குக்கு. வெளிர்நீலம், டேப் மாதிரி வெளியிலிருந்து வருவதற்கு. நான் இளஞ்சிவப்பில் சொருகியிருந்தேன். மைக்கில் வருவது மிக மெல்லிய சிக்னல் என்பதால் அந்தத் துளை எல்லாவற்றையும் பலமடங்கு பெருக்கும், இரைச்சலையும் சேர்த்து. நீலத்துக்கு மாற்றியதும் முக்கால்வாசி அடங்கிவிட்டது. இதை ஏன் எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை?

மிச்சம் இருந்தது 'ங்ங்ங்' என்ற ரீங்காரம். கம்ப்யூட்டரைப் பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் மட்டும் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று வேறு இருந்தது. பார்க்க வந்த ஒரு பையன் கட்டிங் பிளேயரை எடுத்தான். "ஆம்ப்ளிஃபையர் பிளக்கோட பெரிய பின்னை வெட்டிட்டா சத்தம் போயிடும் சார்!"

இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். வெட்டினால் சத்தம் போய்விடும் என்று அவன் சொன்னது உண்மைதான். கம்ப்யூட்டரிலிருந்து கசியும் மின்சாரம் ஆடியோ ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்துக்கு ஓடியதால் வந்த ரீங்காரம் அது. அந்த வழியை வெட்டினால் மௌனம். ஆனால் அப்புறம் எதில் மின்சாரம் கசிந்தாலும் அது மண்ணுக்குப் போக மிஞ்சும் ஒரே வழி, தொடுகிற நம் உடம்புதான். அந்தப் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதே, சொருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும்தான். பிரெஞ்சில் எர்த்தை 'தெர்' என்பார்கள், மண் என்றே அர்த்தம்.

பையனை அனுப்பிவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றினார். "ஐயா, இங்க பாருங்க" என்றார். மூன்று துளை அழகாக இருந்தது. மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இல்லை! வீடு கட்டிய நாளிலிருந்து அந்தத் துளை வெறும் அலங்காரம். கட்டியவருக்கு மிச்சமானது சில மீட்டர் பச்சைக் கம்பி. அதே பாணியில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் எத்தனை வீட்டில் ஓடுகின்றனவோ! அவர் எர்த் இழுத்துக் கொடுத்தார்; சுர்ரும் ரீங்காரமும் ஒன்றாகப் போயின. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறாள். நாடாவுக்கே உரிய மெல்லிய 'உஸ்' மட்டும் பின்னால் கேட்கிறது. பேரன் அதையும் ஒரு மென்பொருளால் துடைத்துக் காட்டினான். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலாகிவிட்டது. பழையபடியே வை என்று சொல்லிவிட்டேன். கடிதம் போடாததற்கு என்னைத் திட்டுகிறாள், நன்றாகக் கேட்கிறது.