பாழடைந்த நிலையமும் நம் சங்கங்களும்

கொல்லிமலைக்குப் புகைவண்டி கிடையாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலையே மலையின் பெயர்பெற்ற வழி. அவ்வளைவுகளை மிதிவண்டியில் ஏறிக் கடப்பதை ஒரு சாதனையாகக் கொண்டு வெளியூர் இளைஞர் பலர் இன்று வருகின்றனர். அவ்விதம் வருவோர் மலையின் மிளகையும் காப்பியையும் தினை, சாமையையும் விளைவித்தவர் கையிலிருந்தே வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது நம் கருத்து. அத்தகைய இடத்தை யார் அமைப்பது, யார் பெயரில் வைத்திருப்பது என்ற கேள்விக்கு விடை காண, மலையை விட்டிறங்கிக் காவிரிக் கரையிலுள்ள ஒரு பழைய ரயில் பாதையைச் சற்று நோக்குவோம்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை சுமார் 30 கி.மீ. நீளமுள்ள மீட்டர் கேஜ் பாதை 1926-இல் திறக்கப்பெற்றது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்ற அப்பாதை 1986-இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டன, நிலையக் கட்டடங்கள் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. மீண்டும் ரயில் விட வேண்டும் என்று அவ்வட்டார மக்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். கோரிக்கை நியாயமானதே. ஆனால், சுவரில் முளைத்த ஆலங்கன்று அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை. ரயில் வரும் நாளில் நிலையம் இருக்க வேண்டுமானால், இன்றே அதில் மனித நடமாட்டம் இருத்தல் வேண்டும்.

அந்நிலையங்களைச் செப்பனிட்டு, மிதிவண்டிப் பயணிகள் இளைப்பாறும் இடமாகவும், உள்ளூர்ச் சிறு வணிகரும் கூட்டுறவுச் சங்கங்களும் கடை வைக்கும் இடமாகவும் ஆக்கலாம் என்பது நம் யோசனை. வாடிக்கைக்காரர் எங்கே என்று கேட்கலாம். அவ்வழியின் தொடக்கமாகிய மயிலாடுதுறையில் கூறைநாடு இருக்கிறது. கூறைச் சேலைக்கு அவ்வூரே பெயர் கொடுத்தது. வழியிலுள்ள திருக்கடையூரில் அறுபதாம் ஆண்டு நிறைவும் எண்பதாம் ஆண்டு நிறைவும் கொண்டாட ஆண்டு முழுவதும் தம்பதிகள் வருகின்றனர். கூறைச் சேலைக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை வேறெங்கே கிடைக்கும்? தில்லையாடியோ வள்ளியம்மையின் பெயரால் நாடறிந்தது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை அவ்வம்மையின் பெயரையே தாங்கி நிற்கிறது. பாதையின் முடிவில், 1620-இல் டேனிஷ்காரர் வந்திறங்கிய தரங்கம்பாடிக் கோட்டை. இவ்வளவும் மேடு பள்ளமில்லாத சமநிலத்தில், மிதிவண்டிக்கு அரைநாள் தூரத்திற்குள் அமைந்துள்ளன.

பிற நாடுகளில் இது புதுமையன்று. ஸ்பெயின் நாட்டில், ஓட்டம் நின்ற ரயில் பாதைகளை நடப்போருக்கும் மிதிவண்டியாளருக்கும் உரிய வழிகளாக்கும் திட்டம் 1993-இல் தொடங்கியது. அங்கே ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெயை ஏற்றிச் சென்ற பாதையொன்று இன்று 128 கி.மீ. நீள மிதிவண்டி வழியாக விளங்குகிறது. பழைய நிலையங்கள் சில உணவகங்களாயின. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990-இல் மூடப்பட்ட பாதை 2000-இல் மிதிவண்டி வழியாகத் திறக்கப்பட்டது. சுமார் 150 கி.மீ. நீளமுள்ள அவ்வழியின் இருமருங்கிலும் மக்கள் குறைந்துவந்த சிற்றூர்களில் விடுதிகளும் உணவகங்களும் மிதிவண்டி வாடகைக் கடைகளும் தோன்றின.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. “மிதிவண்டி வழி என்று சொல்லி நம் ரயிலை மறக்கச் செய்துவிடுவார்களோ?” என்று மக்கள் அஞ்சலாம். அச்சம் வீணன்று. ஆனால் அதற்கும் பரிகாரம் உண்டு. அமெரிக்காவில் 1983-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கைவிடப்படும் ரயில் பாதையை மிதிவண்டி வழியாகப் பயன்படுத்தலாம். எனினும் மீண்டும் ரயில் விடும் உரிமை நீங்குவதில்லை. நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப் போகாமலிருக்க இதுவே நல்ல காவல். நம் நாட்டிலும் குத்தகைப் பத்திரத்தில் அத்தகைய நிபந்தனையைத் தெளிவாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

அடுத்த கேள்வியே முக்கியமானது. செப்பனிட்ட நிலையம் யார் கையில் இருப்பது? ஏலத்தில் எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சென்றால், கூறைநாட்டு நெசவாளர் அங்கே தம் சேலையை வைக்க வாடகை கொடுப்பவராகவே நிற்பார்; விலையை வேறொருவர் வைப்பார். அவ்வட்டார நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து எடுத்தால், விற்பனையின் மிகுதி உற்பத்தி செய்தவருக்கே திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களில் உள்ளூர்ப் பொருள்களை விற்க 2022-இல் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்ற திட்டத்தை ரயில்வே தொடங்கியது. ஓடும் நிலையத்தில் ஒரு கடைக்கு இடமளிக்க முடியுமானால், ஓடாத நிலையத்தில் கட்டடம் முழுவதையும் ஏன் அளிக்கக் கூடாது?

ஆயினும் சங்கங்கள் ஆர்வத்தால் மட்டும் இறங்கிவிடலாகாது. முதலாவது, துணைவிதிகள் இத்தொழிலுக்கு இடந்தருகின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் உரியபடி திருத்தி, பதிவாளரிடம் பதிவு பெறுதல் வேண்டும். இரண்டாவது, நீண்டகாலக் குத்தகை கையெழுத்தாகும் முன் அங்கத்தினரின் பணத்தில் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. பிறர் கட்டடத்தைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு வெளியேறுவது வியாபாரமாகாது. மூன்றாவது, நிலையத்தின் வரவு செலவைச் சங்கத்தின் பிற கணக்குகளோடு கலவாமல் தனியே எழுதுதல் வேண்டும். அப்பொழுதுதான் நட்டம் வந்தால் மறைக்க முடியாது. இலாபம் வந்தால் மறுக்க முடியாது. நான்காவது, மிதிவண்டியாளரை மட்டுமே நம்பலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் அவர்கள் குறைவர். ஆகவே அன்றாடம் ஊர்மக்களே வந்து வாங்கும் பலசரக்கும் தேநீரும் அங்கே இருத்தல் வேண்டும். ஊரார் வராத கடைக்கு வெளியூரார் வந்து உயிர் கொடுத்துவிட முடியாது.

இனி மலைக்குத் திரும்புவோம். நம்மிடம் பாழடைந்த ரயில் நிலையம் இல்லை. ஆனால் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் கிடங்கோ கட்டடமோ எந்தச் சங்கத்திடமேனும் இருக்குமானால், அதுவே நம் நிலையம். மலையேறும் முன் காற்றடிக்கவும், குடிநீர் நிரப்பவும், இறங்கிய பின் ஒரு குவளை மலைக்காப்பி அருந்தவும் இடமளித்தால், மிளகுப் பொட்டலமும் தினைமாவும் அங்கேயே விலையாகும். இராசிபுரம் பக்கத்து நெசவாளரின் துண்டுகளுக்கும் அங்கே ஓர் அலமாரி ஒதுக்கலாம். வியர்வையோடு இறங்குகிறவனுக்குத் துண்டு விற்பது கடினமன்று. வல்வில் ஓரி விழா நடைபெறும் ஆடி மாதத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, வரவு செலவைப் பேரவையின் முன் வைத்து, பிறகு ஆண்டு முழுவதற்கும் விரிக்கலாம்.

தரங்கம்பாடிப் பாதையோரத்துச் சங்கங்களுக்கும் மலைச் சங்கங்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பாழான கட்டடத்தைப் பார்த்து இரங்குவோர் பலர் உளர். கைவிட்டவரைக் குறை கூறுவோரும் உளர். அதன் சாவியைக் கேட்டு விண்ணப்பம் எழுதுவோரே அரியர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்ப்பார்களாக.