பூச்சுக்கு முன் கான் வெட்டு

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் எட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கத்து ஆறுகள் செம்மண் கலந்தே ஓடும். கரையோரச் சிறு நீர்மின் நிலையங்களுக்கு அது வருமான காலம். டர்பைன் தேயும் காலமும் அதுதான்.

ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவையில் அதன் கடினம் 7. மாணிக்கக் குழிகள் நிறைந்த இரத்தினபுரியில், நீலக்கல்லின் இனமான குருந்தத்தின் துகளும் அதோடு சேரலாம். அதன் கடினம் 9. 100 மீற்றர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தில் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கிறது. நீரைப் பிளக்கும் நடுவிளிம்பு முதலில் மழுங்கும். பிறகு உட்புறம் மீன் செதில்போல் வரி வரியாகக் குழியும். அதே தண்ணீர், ஆனால் மின்சாரம் குறைவு.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது டங்ஸ்டன் கார்பைட் பூச்சு. ஒலியை விஞ்சும் வேகத்தில் பாயும் சூடான வாயுவில் அதன் தூளைச் செலுத்தி, எஃகின்மேல் அரை மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பில் படியவைப்பார்கள். நல்ல மருந்துதான், பூசவேண்டும் என்பதே எமது கருத்தும். ஆனால் டர்பைன் அலகுகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துகளில் தூளைப் பீச்சும் துப்பாக்கியின் முனை சரியாக எட்டாது. கூழாங்கல் பட்டால் பூச்சு சில்லாகப் பெயரும். இமாசலப் பிரதேசத்தில் சட்லஜ் ஆற்றிலுள்ள 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையம் இந்தப் பூச்சைப் பெருமளவில் பயன்படுத்துகிறது. அங்கேயும் வண்டல் 5,000 பிபிஎம் அளவைத் தாண்டினால் இயந்திரங்களை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே, மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாகவேண்டும். ஆற்றை இயந்திரத்தால் கிளறும் மணல், மாணிக்க அகழ்வு ஒரு பக்கம். மறுபக்கம் தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவு. ஒருகாலத்தில் கான் வெட்டு, அதாவது மழைநீரோடு வரும் மண்ணைத் தேக்கும் வடிகால்களைச் சரிவில் வெட்டுவது, தோட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆள் இல்லை, செலவு கட்டாது என்றதும் முதலில் கைவிடப்படுவது அதுவே. கொழுந்து அன்றே கணக்கில் ஏறும். கானில் தங்கிய மண்ணை எந்தக் கணக்கப்பிள்ளையும் நிறுப்பதில்லை. தூர்ந்த கானைத் தாண்டி மழைநீர் சரிவில் நேரே இறங்கி, ஓடை வழியாக டர்பைனுக்குப் போய்ச் சேர்கிறது.

“டர்பைன் எங்களுடையது, மலை எங்களுடையதல்ல” என்று மின் நிலையக்காரர்கள் சொல்லலாம். ஆனால் தோட்ட நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன பின்னும் நிலம் அரசின் குத்தகை நிலமாகவே இருக்கிறது. ஆறும் பொதுச்சொத்து. அதில் மின் உற்பத்திக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலுசக்தி அதிகார சபை. தோட்டம், மின் நிலையம் இரண்டையும் ஒரே கம்பனியே வைத்திருக்கும் இடங்களில் இந்தச் சாட்டுக்கும் வழியில்லை.

அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று நிபந்தனைகள் வேண்டும். தண்ணீரின் வண்டல் அளவை நாள்தோறும் பதியவேண்டும். மணல் தங்கும் தொட்டியைக் காலத்துக்குத் துப்புரவு செய்யவேண்டும். மின்சாரம் விற்ற பணத்தில் ஒரு பங்கு மேற்சரிவில் கான் வெட்டுவோருக்கு நாட்சம்பளமாகப் போகவேண்டும், லயத்தில் இருப்பவர்களுக்கே முதல் உரிமையோடு. பூச்சுக்கான செலவை இவற்றுக்குப் பதிலாகக் காட்ட அதிகார சபை இடமளிக்கக் கூடாது.