எது வீடு?

வீடு என்றால் யாது என்று வினவினால் சிறு பிள்ளையும் விடை கூறிவிடும். ஆனால், திருடனைக் கூண்டில் நிறுத்தியபின் அதே வினா எழுமாயின், கற்றறிந்த வக்கீல்களும் சற்றுத் தயங்குவர். களவுக்கு உச்ச தண்டனை மூன்று வருஷமா, ஏழு வருஷமா என்பது அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே நிற்கிறது.

மெக்காலேயின் தலைமையில் 1837-இல் நகல் வரையப்பெற்று, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் இதற்கு 442-வது பிரிவில் இலக்கணம் வகுத்தது. மனிதர் வசிக்கும் கட்டடம், கூடாரம் அல்லது மரக்கலம், வழிபாட்டுக்குரிய கட்டடம், பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம் ஆகிய இவற்றுள் குற்ற நோக்குடன் புகுவதே வீட்டில் அத்துமீறல். 2024 ஜூலை 1-ஆம் தேதி அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய ஸம்ஹிதையின் 329-வது பிரிவும் இவ்விலக்கணத்தை அப்படியே ஏற்றிருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் சுவரின் கனத்தைக் கேட்கவில்லை, உபயோகத்தையே கேட்கிறது. சங்கரன்கோவிலில் ஒரு நெசவாளியின் ஓலைக் குடிசையும் தனவந்தரின் மாடி வீடும் இதன்முன் சமம். நூலும் துணியும் பூட்டி வைத்த தறிக்கூடத்தில் எவரும் உறங்காவிடினும் அது காவலுக்கு உரியது. சங்கரநாராயணர் ஆலயமும் அவ்வாறே. ஆடித் தபசுக்கு வரும் குடும்பம் கூடாரம் அடித்துத் தங்குமாயின், அக்கூடாரமும் அன்றைக்கு வீடுதான். திறந்த வெளியிலுள்ள நெற்களமோ, எத்தனை மூட்டை குவிந்திருந்தாலும் வீடாகாது.

முழு உடலும் உள்ளே புகவேண்டும் என்பதும் இல்லை. கன்னம் வைத்துச் சுவரைத் துளைத்துக் கையை மட்டும் நுழைத்தவனும் வீட்டை உடைத்தவனே. தொலைந்த சாவியைக் கண்டெடுத்துப் பூட்டைத் திறந்து திருடப் புகுந்தவனும் அத்தகையவனே.

இரவுக்குத் தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் 1916-ஆம் வருஷத்துச் சட்டம் இரவை ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை என்று கடிகாரத்தால் அளந்தது. நம் சட்டமோ அஸ்தமனம் முதல் உதயம் வரை என்று சூரியனையே சாட்சியாக வைத்தது. திருடும் நோக்கத்துடன் இரவில் வீட்டை உடைப்பவனுக்குப் பதினான்கு வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். உறங்குகிறவன் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டான் என்பதே இதன் உட்கருத்து.

அந்தக் கருத்து மெய்யானால் ஒரு கேள்வி எழுகிறது. கூடாரத்தினுள் உறங்கும் யாத்திரிகனின் மூட்டையைத் திருடினால் ஏழு வருஷம் வரை தண்டனை. கூடாரத்துக்கும் வகையற்று ரத வீதியில் துண்டை விரித்து உறங்கும் ஏழையின் மூட்டையைத் திருடினாலோ, அது சாதாரணக் களவு. மூன்று வருஷமே எல்லை. இவ்விருவரில் காவல் அதிகம் வேண்டுவது யாருக்கு?

பழைய சட்டம் அந்நியர் இயற்றியது என்று சமாதானம் கூறலாம். 2023-இல் நிறைவேறிய சட்டமோ நம் பாராளுமன்றமே இயற்றியது. அதன் 305-வது பிரிவு ஏழு வருஷக் காவலைப் பிரயாணிகளும் சரக்கும் ஏறும் வாகனங்களுக்கும், ஆலய விக்கிரகங்களுக்கும், சர்க்கார் சொத்துக்கும் விரித்திருக்கிறது. நன்று. பஸ்ஸில் வைத்த பெட்டிக்குக் கிடைத்த அந்தக் காவல், வீதியில் தலைக்கு வைத்துப் படுத்த மூட்டைக்கு மட்டும் எட்டவில்லை.

குடிசையையும் மாளிகையையும் ஒன்றாகக் கண்டது சட்டத்தின் பெருமை. கூரையே இல்லாதவனையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொண்டால்தான் அப்பெருமை நிறைவுறும். அதற்கு ஒரு பிரிவில் ஒரு வரி கூட்டினால் போதும். அதைக் கேட்க வேண்டியவர்கள், இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாக உறங்கும் நாமே.