காதில் எண்ணெய் விடுமுன் களத்துத் தூசியைப் பாருங்க

இயற்கை விவசாயம் செய்றவனுக்கு அலர்ஜி எங்கேருந்து வரும்? நம்ம கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மருந்தடிக்கிற வயலில்தான் நோய், நம்ம வயலில் எல்லாம் சுத்தம் என்று சொல்லிச் சொல்லி நாமே அதை நம்பிவிட்டோம். பூச்சிக்கொல்லி இல்லை என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மகரந்தத்துக்கும் பூஞ்சண வித்துக்கும் வைக்கோல் தூசிக்கும் நாம் பஞ்சகவ்யம் தெளிக்கிறவரா, யூரியா போடுகிறவரா என்று தெரியாது. சொல்லப்போனால் மூடாக்கு, மட்கு, தொழுவுரம், கைக்களை என்று இந்தத் தூசியோடு அதிக நேரம் புழங்குகிறவர்களே நாம்தான்.

காதைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். நான் குடியிருப்பது நெல்லித்தோப்பில், நிலம் பாகூர்ப் பக்கம். (பேரில்தான் தோப்பு. நெல்லிக்காய் வேணும்னா மார்க்கெட்டுக்குத்தான் போகணும்.) தை, மாசி அறுவடை முடிந்த கையோடு பக்கத்து உழவர்கள் சொல்வது ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, காதுக்குள்ள பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு." "கொட்டாவி விட்டா டப்புனு ஒரு சத்தம்." "நான் பேசுறது எனக்கே கிணத்துக்குள்ளேருந்து கேக்குது." விசாரித்தால் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் தண்ணி, அண்ணத்தில் அரிப்பு எல்லாம் கூடவே இருக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது வெறும் சளி. காது அடைப்புக்கு மட்டும் வைத்தியம் நடக்கும். பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய், வெதுவெதுப்பாக நாலு சொட்டு.

அந்த எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். அடைப்பு இருப்பதோ செவிப்பறைக்கு அந்தப் பக்கம். நடுக்காது என்பது ஒரு சின்னக் காற்றறை. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் யூஸ்டேக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். எப்போதும் மூடியிருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் சட்டென்று திறந்து, வெளிக்காற்றையும் உள்காற்றையும் சமன் செய்துவிட்டு மூடிக்கொள்ளும். ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்கினால் இந்தக் குழாயின் வாயும் சேர்ந்து வீங்குகிறது. குழாய் சரியாகத் திறப்பதில்லை. உள்ளே மாட்டிய காற்றைச் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச, அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். அதுதான் பஞ்சு வைத்த மாதிரி இருப்பது. நாள்பட்டால் அந்த அறையில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஏரி மதகில் செத்தை அடைத்தால் மதகில் இறங்கித்தான் எடுக்கணும். கடைசி வயலில் நின்று மண்வெட்டி போட்டு என்ன பயன்? காதுக்கு மதகு மூக்கில் இருக்கிறது.

குறும்பி கெட்டியாகி அடைத்திருந்தால் எண்ணெய் அதை இளக்கும், அது வேறு கதை. ஆனால் உள்ளே இருப்பது குறும்பியா, நீரா, ஓட்டை விழுந்த செவிப்பறையா என்று விளக்கடித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஓட்டை இருக்கும் காதில் எண்ணெய் போனால் சீழ் வைக்கும். நம்ம கடற்கரை ஈரத்தில் எண்ணெய்ப் பிசுக்குள்ள காதில் பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. பட்ஸ், கோழி இறகு, சாவிமுனை இதெல்லாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போ மூக்குக்கு என்ன செய்வது? முதலில் உப்புத் தண்ணி. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தூள் உப்பு ஒரு டீஸ்பூன் மட்டமாகப் போட்டு, குனிந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வடியவிடுவது. நேத்திக் குவளை இல்லாதவர்கள் ஊசி கழற்றின பெரிய சிரிஞ்சில் மெதுவாக விடலாம். களத்து வேலை முடிந்த சாயந்திரம் இதைச் செய்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தூசி கழுவிப் போகும். காதுவலி, காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வைக்கணும். "எங்க கிணத்துத் தண்ணி தேன் மாதிரி" என்று சொல்லி அப்படியே மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. 2024லும் 2025லும் கேரளத்தில் அதனால் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று செய்தியில் பார்த்தோம்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நானும் பிடிக்கிறேன். ஒவ்வாமையை அது நிறுத்தாது. சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்க வேண்டாம், பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவார். ஸ்டீராய்டு என்றதும் நம்மாளுங்க பதறுவாங்க. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற இந்த ஸ்பிரேக்கள் மிகச் சிறிய அளவில் மூக்குச் சவ்வில் வேலை செய்பவை. மூக்கு ஒவ்வாமைக்கு முக்கியமான மருந்தே இதுதான். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேக்கல" என்று தூக்கிப் போடக்கூடாது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் அந்தந்தப் பக்கக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்கணும், இல்லாவிட்டால் மூக்கில் ரத்தம் கசியும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மருந்துக் கடையில் கேட்டதும் கொடுக்கிற, உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து இருக்கிறதே, அதை மூன்று நாளைக்கு மேல் தொடர்ந்தால் மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். பழைய வகை அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரும். போட்டுக்கொண்டு டிராக்டரிலோ பவர் டில்லரிலோ ஏறாதீர்கள்.

மூக்கைப் பிடித்து வாயை மூடி ஊதிக் காதைத் திறக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. மெதுவாகச் செய்தால் சரி. மூக்கு நிறையச் சளியோடு முக்கி ஊதினால் சளியே காதுக்கு ஏறும்.

சிலதற்குக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அடைப்பு என்று நினைத்து நாள் கடத்தாமல் உடனே போகணும், மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் கேள்வி திரும்ப வாய்ப்பு அதிகம். சீழ், ரத்தம், தலைசுற்றல், காதுக்குப் பின்னால் வீக்கம், பெரியவர்களுக்கு ஒரே பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருப்பது, இவையும் அப்படித்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் சாக்குச் சொல்ல வழியில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, ஊருக்கு நடுவே அரசு பொது மருத்துவமனை இருக்கின்றன.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அவர்களுக்கு இந்தக் குழாய் குட்டையாக, படுக்கை வாட்டத்தில் இருக்கும். சளியாலோ ஒவ்வாமையாலோ நடுக்காதில் பசை போல நீர் தேங்கும், வலியே இருக்காது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், கூப்பிட்டால் திரும்பமாட்டான், வாத்தியார் "கவனம் பத்தல" என்பார், அப்பா முதுகில் ஒன்று வைப்பார். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியாவிட்டால் கேட்கும் திறனைச் சோதித்தாக வேண்டும். கேட்காத காதுக்காக அடி வாங்குகிற பிள்ளைகள் நம்ம வீடுகளிலும் இருக்கிறார்கள்.

மருந்து பாதிதான். மீதி நம் களத்தில் இருக்கிறது. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலைப் பிரித்தால் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்புமே, அது பூஞ்சண வித்து. காய்ந்த மட்கைப் புரட்டும்போது எழும்புவதும் அதுதான். மட்கின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் புரட்டினால் பாதித் தூசி அடங்கும், மட்குக்கும் அந்த ஈரம் நல்லது. பதர் தூற்றும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். கடலோரச் சவுக்குத் தோப்பும் சீமைக் கருவேலமும் பூக்கும் காலத்தை ஒரு வருஷம் குறித்து வைத்துப் பாருங்கள், உங்கள் தும்மலின் காலண்டர் அதோடு ஒத்துப்போகலாம்.

பார்த்தீனியம் தனி ரகம். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. 1984ல் மெக்சிகோ வண்டை வரவழைத்து விட்டார்கள், இன்னும் ஒழிந்தபாடில்லை. இதன் மகரந்தம் மூக்கு வழியாகக் காதை அடைக்கும். செடியின் பொடி காற்றில் வந்து படிந்து கண்ணிமை, கழுத்து, காது மடலின் பின்புறத்தை அரித்துத் தடிக்க வைக்கும். களைக்கொல்லி வேண்டாம் என்ற நமக்குக் கையால் பிடுங்குவதுதான் வழி. அதைப் பூக்கும் முன்னால், மண் ஈரமாக இருக்கையில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பிடுங்கணும். பூக்காத செடியை மட்கில் சேர்க்கலாம்.

எல்லாம் சரி, பிடுங்குவது யார்? தூற்றுவது யார்? பெரும்பாலும் கூலிக்கு வருகிற பெண்கள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க அந்தத் தூசியில் நிற்கிறார்கள். துணி நுண்தூசியை வடிகட்டாது. என்95 முகக்கவசம் ஒன்று, ஒரு டீயும் ரெண்டு வடையும் ஆகிற காசு. நஞ்சில்லா அரிசி என்று கிலோவுக்குக் கூடுதல் விலை வைக்கிறோம், அந்த விலையில் இது அடங்காது என்று எவராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கவசமும் கையுறையும் நிலத்துக்காரர் பொறுப்பு, கூலியில் பிடிக்கக்கூடாது.

பி.ஜி.எஸ். குழுக்களில் ஒருவர் வயலை ஒருவர் பார்க்கப் போகிறோம். வரப்பு, விதை, உரக்குழி, அடுத்த வயலிலிருந்து மருந்து காற்றில் வருகிறதா என்று எல்லாம் கேட்கிறோம். களையெடுக்கிறவர்களுக்குக் கையுறை தந்தீர்களா, தூற்றுகிறவர்களுக்கு முகக்கவசம் தந்தீர்களா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். பாகூர்ப் பக்கக் குழுவில் வருகிற மார்கழிக் கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன், தை அறுவடைக்கு முன்னாலேயே வாங்கி வைக்க நாள் இருக்கும்.