சத்தம் போனால் போகட்டும்

அன்புப் பிள்ளைகளே, சொந்தங்களே,

பழைய ஆர்எக்ஸ் 100 சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அந்தக் காலம் திரும்புமா சார்?" என்கிறீர்கள். திரும்ப வேண்டாம் என்பேன்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அந்தத் துடிப்புக்கு விலை, எரியாத பெட்ரோலும் ஆயில் புகையும். உலகப் பந்தயத்திலேயே 125 சிசி டூ ஸ்ட்ரோக் வகுப்பு 2011-உடன் முடிந்தது. 2012-இல் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோ3 வந்தது. பந்தயம் ஒன்றும் செத்துப்போகவில்லையே!

மணியாச்சி ரோட்டில் கரிசல் புழுதியோடு வண்டிப்புகையையும் குடித்து நடந்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமா?

சைலன்சரைக் கழற்றிவிட்டு நாற்கரச் சாலையில் பறக்கும் பேரன்மாரிடம் சொல்லுங்கள்: பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, ரோடு எல்லாருக்கும் பொது.

ஆசியுடன், உங்கள் சார்.