கிட்டாருக்கு என்ன விலை சொல்வது?

லண்டனில் மின்வேலை செய்யும் எனது மருமகன் அண்மையில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஒரு யாவார விஷயம் கேக்கணும்" என்றான். அவனது வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது அலுமாரிக்கு மேலே கணவரின் பழைய மின் கிட்டார் ஒன்று கிடைத்திருக்கிறது. "ஐந்நூறு பவுண் கிடைத்தால் போதும். நீயே எடுத்துக்கொள், இல்லாவிட்டால் யாருக்காவது விற்றுத் தா" என்று இவனிடம் கொடுத்திருக்கிறார்.

இவன் வயர் வேலை தெரிந்தவன் அல்லவா, கழற்றிப் பார்த்திருக்கிறான். 1963ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ரட்டோகாஸ்டர். பழைய கிட்டார் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் படங்களைக் காட்டியபோது, அவர் சொன்ன விலை இருபதாயிரம் பவுணில் ஆரம்பித்ததாம்.

மருமகனுக்கு இரண்டு கேள்விகள். நிறம் மங்கி அழுக்குப் பச்சையாகக் கிடக்கிறது, புதுப் பூச்சு அடித்து விற்றால் என்ன? அடுத்தது, அந்தப் பெண்மணி கேட்ட ஐந்நூறைக் கொடுத்துவிட்டு அதைத் தானே வைத்துக்கொண்டால் பிழையா?

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதைச் செய்த லியோ ஃபெண்டருக்கும் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த மனிதர் அவர். 1954இல் இந்த ஸ்ட்ரட்டோகாஸ்டரைச் சந்தைக்கு விட்டபோது அதன் விலை 249 டொலர் 50 சதம். 1965 ஜனவரியில் தமது கம்பனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அதற்குப் பின் வந்தவற்றில் பழைய கைவேலை இல்லை என்பது வாசிப்பவர்களின் எண்ணம். ஆகவே 1965க்கு முந்தியது என்றால் விலை தனி.

முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஒரே சொல்: "தொடாதே!"

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். இருபது வருடங்களுக்கு முன் பழைய ஒல்லாந்தர் பாணி அலுமாரி ஒன்று என் கைக்கு வந்தது. கறுத்துப்போய்க் கிடக்கிறதே என்று பாஸ் ஒருவரைப் பிடித்து, சுரண்டி, பொலிஷ் அடித்து, பித்தளைப் பூட்டுகளையும் மாற்றி, மணப்பெண் போல நிறுத்தி வைத்தேன். பார்க்க வந்த பழம்பொருள் வியாபாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய பூட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. கடைசியில் அதைச் சாதாரண அலுமாரி விலைக்குத்தான் தள்ளிவிட்டேன்.

கிட்டாரிலும் இதே கதைதான். பூச்சை மாற்றினால் பாதி விலை போய்விடும் என்பது அந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. மருமகன் கண்ட அழுக்குப் பச்சை உண்மையில் நீலம். அன்றைய கார்களுக்கு அடித்த டூபொன் கம்பனிப் பெயிண்டையே ஃபெண்டர் பாவித்தார்கள். அதன் மேல் அடித்த தெளிந்த லேக்கர் காலப்போக்கில் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சையாகத்தானே தெரியும்? அந்தக் காலத்தில் இப்படியான விசேட நிறத்துக்கு 5 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். பெரும்பாலானோர் அதைக் கட்டாமல் வழமையான மண்ணிற நிழற்பூச்சோடு வாங்கிப் போனார்கள். அன்று மிச்சம் பிடித்த அந்த 5 வீதத்தினால்தான் இன்று நீலம் அரிதாகியிருக்கிறது.

அரிது என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு விற்காத சரக்கின் கதை இருக்கிறது. கிப்ஸன் கம்பனி 1958 முதல் 1960 வரை செய்த நிழற்பூச்சு லெஸ் போல் கிட்டார் சரியாக ஓடவில்லை என்றுதான் நிறுத்தப்பட்டது. 1966இல் எரிக் கிளாப்டன் அதை ஓர் இசைத்தட்டில் வாசித்த பிறகு எல்லோரும் தேடினார்கள், சரக்கு இல்லை. இன்று அதன் விலை இலட்சக்கணக்கான டொலர். எமது கடைகளின் பின்னறையில் விற்காமல் கிடக்கும் சாமானைப் பார்த்து இனி ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம், எல்லாவற்றுக்கும் கிளாப்டன் வரமாட்டார்.

உண்மையான சாமானா என்று பார்க்கும் முறையும் எனக்குப் பிடித்திருந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்துப் பகுதியின் அடியில் மாதமும் ஆண்டும் மையில் குத்தியிருக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குக் கீழே உள்ள உலோகப் பாகத்தில் ஓர் இலக்கம் இருக்கும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பனி, 137 என்றால் சி.டி.எஸ். அதன் பின் 6312 என்று இருந்தால் 1963ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். ஈயப் பற்று உடைக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஊதாக் கதிர் விளக்கைப் பிடித்தால் பிறகு அடித்த பூச்சு வேறாகத் தெரியும். பின் தகட்டில் உள்ள தொடரிலக்கத்தை மட்டும் நம்ப மாட்டார்கள், தகட்டை யாரும் மாற்றலாம்.

"டேவிட் கில்மரின் கறுப்புக் கிட்டாரில் எத்தனையோ பாகங்களை மாற்றியிருந்தார்களே, அது விலை போகவில்லையா?" என்று மருமகன் மடக்கினான். உண்மைதான். 2019 ஜூனில் நியூயோர்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில், வாங்குபவர் கட்டணமும் சேர்த்து, 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. கழுத்தையே பல தடவை மாற்றிய கிட்டார். ஆனால் அந்த விலையில் பெரும்பகுதி கில்மரின் கைக்குக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை இரவுகளில் கல்யாண மண்டபங்களில் வாசித்த மனிதர். அவருடைய கிட்டாருக்கு இருக்கும் ஒரே பலம், அதில் யாரும் கைவைக்கவில்லை என்பதுதான்.

இனி இரண்டாவது கேள்வி. "நான் பொய் சொல்லல்லயே மாமா, அவங்க கேட்ட விலையத்தானே குடுக்குறேன்" என்றான். வியாபாரத்தில் ஊறியவர்கள் பலர் இதை நியாயம் என்றே சொல்வார்கள். கண் உள்ளவன் இலாபம் எடுக்கிறான் என்பார்கள்.

நான் அவனுக்குப் பேருவளைக் கதையைச் சொன்னேன். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இங்கு வந்து பால் நிறத்தில் இருக்கும் கெவுடாக் கற்களைக் கேட்டார்கள். மதிப்பில்லாத கல் என்று எம்மவர்கள் அற்ப விலைக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அவர்கள் கொண்டுபோய்ச் சூளையில் சுட்டு நீலக்கல்லாக்கி உலகத்துக்கு விற்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, கேட்ட விலையைத்தான் கொடுத்தார்கள். ஆனால் சீனன்கோட்டையில் அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது இன்னும் குரல் மாறும். அன்று அந்தப் பெண்மணியின் இடத்தில் நின்றது நாங்கள்.

ஒரு வித்தியாசத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். பழைய சாமான் சந்தையில் விரித்து வைத்திருப்பவனும் வியாபாரிதான். விலை கேட்டு வாங்கும் தொழில் அவனுடையதும்கூட. அவனிடம் 500 பவுணுக்கு எடுத்திருந்தால் நான் மருமகனைப் பாராட்டியிருப்பேன். இந்தப் பெண்மணி சாமானை இவன் கையில் கொடுத்து "விற்றுத் தா" என்றார். அந்தச் சொல்லோடு இவன் தரகனாகிவிட்டான். தரகன் தனக்கே வாங்கிக்கொண்டு விலையை மறைப்பதை எங்கள் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

"போய் உண்மை விலையைச் சொல்லு, உன் தரகுக் கூலியை முதலிலேயே பேசிக்கொள்" என்றேன். கடைக்காரன் உடனே காசு தந்தால் தான் விற்கும் விலையில் 60, 70 வீதம்தான் தருவான். கடையில் விற்பனைக்கு வைத்தால் தரகு போக மிச்சம் வரும், ஆனால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து விரற்பலகை பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்தின் சர்வதேச வியாபாரம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் தடை. பழைய சாமான் என்று நிரூபிக்கும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். அதிக விலை தருகிறேன் என்று அமெரிக்காவிலிருந்து யாராவது அழைத்தாலும் முதலில் கடதாசியைச் சரி பண்ணு என்று சொல்லி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தான். சொல்லிவிட்டானாம். அந்தப் பெண்மணி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை 1963இல் தவணைக் காசுக்கு வாங்கியபோது இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன்" என்றாராம். தரகு 10 வீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து அதன் பழைய பெட்டியையும், கடைக்காரன் அன்று கொடுத்த பற்றுச்சீட்டையும் தேடி எடுத்துத் தந்திருக்கிறார். 500 பவுணைக் கொடுத்து வாயை மூடியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டு இவன் கண்ணில் பட்டிருக்காது.